முழங்கால் உயரத்தில் காற்று

கொல்லையில் துணிக்கயிறு ஆடாமல் தொங்கியது. எதிர்வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை நூல் பிடித்தாற்போல் நேராக மேலே போனது. ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள விக் ஊரில், கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், டிசம்பர் மாதத்தில் காற்றே இல்லாத நாள் எப்போதாவதுதான் வரும். அப்படிப்பட்ட நாளிலும் இஷ்பெல் வீட்டு வாசல்கதவில் காற்று வந்துகொண்டிருந்தது.

ஒரே இடத்தில்தான் வந்தது. பூட்டுப் பக்கம், முழங்கால் உயரத்தில். குனிந்து உள்ளங்கையை வைத்தால், கொஞ்சம் வரும், நிற்கும், மறுபடி வரும். அதில் ஈரக் கம்பளியும் பழைய பீரும் மணத்தன. அவள் துணியைச் சுருட்டி இடுக்கில் திணித்துப் பார்த்தாள். விடிந்ததும் அது நடையில் உள்ளே தள்ளப்பட்டுக் கிடந்தது.

மூன்று மணிக்குப் பக்கத்து ஊரான தர்ஸோவிலிருந்து டூகல் வந்தான். கதவு, ஜன்னல் சரிசெய்கிறவன். பூட்ஸைத் தட்டிக்கொண்டே பேச ஆரம்பித்தான்.

"பிளாஸ்டிக் கதவு அக்கா இது. மாப்பிள்ளை மாதிரி. ஆரம்பத்துல எல்லாம் கச்சிதமா இருக்கும். போகப் போகத் தொங்கிரும்."

இஷ்பெல்லுக்குச் சிரிக்க வரவில்லை. "டீ போடட்டுமா?"

"வேலை முடியட்டும். ரெண்டு சர்க்கரை."

அவன் செய்தித்தாளை நீளமாகக் கிழித்துக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துச் சாத்தினான். காகிதத்தை இழுத்தான். வரவில்லை. மேலே, கீல் பக்கம், அடியில், எல்லா இடத்திலும் கதவு காகிதத்தைக் கவ்விக்கொண்டது. முழங்கால் உயரத்தில் மட்டும் அது வெண்ணெயில் வைத்தது போல வழுக்கி வந்தது.

டூகல் கதவைத் திறந்து வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். "அக்கா, நாய் வச்சிருக்கீங்களா?"

"இல்லையே."

"யாரோ வெளிய உக்காந்து முதுகைச் சாய்ச்சுக்கிட்டே இருக்கிற மாதிரில்ல இருக்கு. பலகை உள்வாங்கியிருக்கு பாருங்க. ஒருநாள் ரெண்டுநாள் சாய்ஞ்சா இப்படி ஆகாது."

அவள் நடையில் சுவரோரம் இருந்த வெந்நீர் ஹீட்டரைப் பார்த்தாள். அதன்மேல் ஒரு கையுறை கிடந்தது. இடதுகைக் கையுறை. நீலக் கம்பளி, அவளே பின்னியது.

டூகல் பலகையைச் சட்டத்தில் நிமிர்த்தி வைத்து, ஆலன் கீ என்னும் வளைந்த திருகியால் கீல்களைத் தூக்கினான். பூட்டின் கொக்கிகள் மாட்டும் தகடுகளை இறுக்கினான். ரப்பர் பட்டையைப் பிடுங்கிவிட்டுப் புதியதை ஒட்டினான். வெளியே இருட்டிவிட்டது. இந்த மாதத்தில் மூன்றரை மணிக்கே பகல் முடிந்துவிடும்.

"பூட்டையும் மாத்திருவோமா?" என்றான். "இது பழைய ரகம். உள்ள சாவி இருந்தா வெளிய இருந்து சாவி போகாது. உங்க ஊர்லதான் போன ஜனவரியில ஒரு பையன். கேள்விப்பட்டிருப்பீங்க."

"ம்."

"பனியில வந்திருக்கான். போன்ல சார்ஜ் இல்லையாம். அம்மா சாவியை உள்ளயே விட்டுட்டுத் தூங்கிருச்சு. அவன் வாசல்லயே உக்காந்து..." தலையை ஆட்டினான். "பாவம் அந்தம்மா. மறதிதானே. யாருக்கும் வரும்."

ஊரே அப்படித்தான் சொன்னது. போலீஸ்காரர் அவள் தோளில் கைவைத்துச் சொன்னார். கோயிலில் பாதிரியார் சொன்னார். சூப் கொண்டுவந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் சொன்னாள்.

"மறக்கல," என்றாள் இஷ்பெல்.

டூகல் நிமிர்ந்து பார்த்தான்.

"சனிக்கிழமை சனிக்கிழமை குடிச்சிட்டு வருவான். இன்னொரு தடவை இப்படி வந்தா கதவு திறக்காதுன்னு சொல்லியிருந்தேன். சாவியைப் பூட்டுல போட்டுப் பாதி திருப்பி வச்சேன். வேணும்னேதான் வச்சேன்." அவள் குரல் ஏறவும் இல்லை, உடையவும் இல்லை. "அவன் சாவி முட்டி நிக்கிறது கேட்டுச்சு. மூணு தடவை. கத்தல. 'அம்மா, சாவி உள்ள இருக்கு'ன்னான். அக்கம்பக்கம் முழிச்சிரும்னு மெதுவாச் சொன்னான். இன்னும் அஞ்சு நிமிஷம் நிக்கட்டும், புத்தி வரட்டும்னு படுத்திருந்தேன். அப்படியே கண்ணசந்துட்டேன்."

காலையில் அவள் கதவைத் திறந்தபோது, அதில் சாய்ந்திருந்த கேலம் மல்லாந்து அவள் பாதத்தின்மேல் விழுந்தான். வலதுகையில் மட்டும் நீலக் கையுறை இருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

டூகல் ஹீட்டர்மேல் கிடந்த ஒற்றைக் கையுறையைப் பார்த்தான். பழைய பூட்டின் சாவி நுழையும் சிலிண்டரைக் கழற்றிப் புதியதை மாட்டினான். மூன்று சாவிகளை மேசையில் வைத்தான்.

"இதுல உள்ள சாவி இருந்தாலும் வெளிய இருந்து திறக்கலாம்க்கா," என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. டீ குடிக்காமல் போய்விட்டான். வண்டிச் சத்தம் துறைமுகத்துப் பக்கம் தேய்ந்து அடங்கியது.

இஷ்பெல் குனிந்து உள்ளங்கையை வைத்தாள். காற்று இல்லை. காதை வைத்தாள். ஒன்றுமில்லை. வீடு மூடிய டப்பா மாதிரி ஆகிவிட்டது. கடிகாரச் சத்தம், ஹீட்டருக்குள் தண்ணீர் நகரும் சத்தம், தன் மூச்சுச் சத்தம் எல்லாம் காதில் அடைத்தன. ஈரக் கம்பளி வாசனை போயிருந்தது. அந்த வாசனைக்காகத்தான் பதினோரு மாதமாகத் தினமும் குனிந்தோம் என்பது அதைத் தொலைத்த பிறகே அவளுக்கு உறைத்தது. பத்து நிமிடம் பொறுத்தாள். அதற்குமேல் முடியவில்லை.

ஒரு சாவியை எடுத்தாள். கதவைத் திறந்தாள். வாசற்படியில் பனி உறைந்து மின்னியது. அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் சாவியை வைத்தாள். உள்ளே வந்து, கதவைச் சாத்தி, கைப்பிடியை மேலே தூக்கினாள். கொக்கிகள் விழுந்தன. இன்னொரு சாவியைப் பூட்டில் போட்டு, அன்றைக்குப் போலவே பாதி திருப்பி வைத்தாள். விளக்கை அணைத்துவிட்டு மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்தாள்.

தெருவிளக்கின் வெளிச்சம் கதவின் சொரசொரப்பான கண்ணாடியில் மஞ்சளாகப் படர்ந்திருந்தது. யாராவது வந்தால் அதில் நிழல் விழும். அவள் கண்ணாடியையே பார்த்திருந்தாள். தபால்காரன் காலடி பனியை நொறுக்கிக்கொண்டு கடந்து போனது. எங்கோ ஒரு கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

கதவு முனகியது. மெல்ல, ஒரு முதுகு அதன்மேல் சாய்வது போல.

கண்ணாடியில் நிழல் இல்லை. உட்கார்ந்திருப்பவனின் நிழல் அவ்வளவு உயரத்துக்கு வராது.

கல்லில் உலோகம் உரசியது.

அவள் எழுந்திருக்க நினைத்தாள். படியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

சாவி துவாரத்தைத் தேடியது. முட்டியது. நழுவியது. முட்டியது. குடித்தவன் கை. இல்லை. விறைத்த கை.

உள்ளே போனது.

இந்தப் பக்கம் இருந்த சாவி திரும்பத் தொடங்கியது. யாரும் தொடாமல். மெதுவாக. முழுச் சுற்று.

கைப்பிடி இறங்கியது.

கதவு ஒரு சாண் திறந்தது. காற்று வரவில்லை. குளிர் மட்டும், தண்ணீர் பரவுவது போல, தரையோடு தரையாக வந்து அவள் பாதத்தைத் தொட்டது. இடுக்கில் ஒரு கை நுழைந்தது. முழங்கால் உயரத்தில். இடதுகை. மெழுகு நிறம், நகங்கள் நீலம். ஹீட்டர் இருந்த பக்கம் அது காற்றில் துழாவியது.

"கேலம்," என்றாள்.

கையுறையை எடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. மண்டியிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது செய்வது போல ஒவ்வொரு விரலாகப் பிடித்து நுழைத்தாள். விரல்கள் மடங்கவில்லை. சுள்ளி போலிருந்தன. கட்டைவிரல் ஏற நேரமாயிற்று. அவள் உள்ளங்கை அந்தத் தோலில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

"இதோ. முடிஞ்சுது. இதோ."

கையுறை மணிக்கட்டு வரை ஏறியது. அப்போது விரல்கள் மடங்கின. அவள் மணிக்கட்டைச் சுற்றி, ஒன்றன்பின் ஒன்றாக.

"அம்மா," என்றது கதவுக்கு அந்தப் பக்கம், அக்கம்பக்கம் முழித்துவிடாதபடி மெதுவாக. "அஞ்சே நிமிஷம்."

பிறகு அந்தக் கை அவளை வாசற்படிக்கு இழுத்தது.