உஸ்ஸாவுக்கு வைத்த வாய்

காலையில் கப்பலூரில் தன் கல்பட்டறைக்குள் ஜூடு பைக்கை நிறுத்தியபோது, தங்கப்பொண்ணு மட்டும் தூசி கூட்டிக்கொண்டிருந்தாள். வேலையாட்கள் இன்னும் வரவில்லை.

"பள்ளிக்கூடத்துல குடிகாரன் மகன்னு கூப்பிடுறாய்ங்களாம்ணே. எம் பய போகமாட்டேங்கிறான். அவரு அத மோந்து பாத்தது கூட இல்லையே, அன்னைக்கு மட்டும் எப்புடி?"

ஜூடு தரையைப் பார்த்தான். அவள் புருஷன் சோணை போன மாசம் இங்கேதான் செத்தான். கல் அறுக்கும் மிஷினுக்குள் கைவிட்டுச் சுத்தம் செய்தபோது பிளேடு சுற்றிவிட்டது. குடித்துவிட்டு வந்திருந்தான் என்று ஜூடு எல்லாரிடமும் சொன்னான். முதலாளி சொன்னால் நம்பாமல் என்ன! பெரிய மனசுக்காரன் மாதிரி அவளுக்குக் கூட்டுகிற வேலையும் கொடுத்தான்.

சோணை குடியையே தொடாதவன். போனில் பேசிக்கொண்டே, ஆள் இருப்பதைப் பார்க்காமல் சுவிட்சைப் போட்டவன் ஜூடு. அதை யாரும் பார்க்கவில்லை.

சுவரோரம் நின்ற கல்லைத் தவிர.

தல்லாகுளத்து டிசைனர் ராஜஸ்ரீ ஒரு ஓட்டலுக்காகக் கொடுத்த வேலை அது. பழங்கால அரபு நாட்டுப் பெண் தெய்வம், உஸ்ஸா. பலகைக் கல்லில் இரண்டு சதுரக் கண், நீண்ட மூக்கு, அம்புட்டுதான். அவள் தந்த படத்தில் வாய் இல்லை; பழைய சிலையில் தேய்ந்துபோயிருக்கும் என்று ஜூடு நினைத்தான். வாயில்லாத முகத்தை நம்மூரில் மூளி என்று சிரிக்க மாட்டார்களா? நேற்று சாயங்காலம் தானே உளி பிடித்து ஒரு வாயைச் செதுக்கி, ராஜஸ்ரீக்குப் போட்டோவும் அனுப்பிவிட்டான்.

இன்று அந்த வாய் ஈரமாக இருந்தது.

தொட்டான். வெதுவெதுப்பு. ரத்தவாடை வேறு.

கல்லோடு கல் உரசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"சுவிட்சைப் போட்டது நீ."

ஜூடுக்குக் குப்பென்று வேர்த்தது. விளக்குமாறு நின்றது.

"கூப்பிட்டீங்களாண்ணே?"

"இல்லம்மா. நீ போயி டீ வாங்கிட்டு வா."

அவள் போனதும் ராஜஸ்ரீயின் போன். "வாயை யாரு சார் வைக்கச் சொன்னா? உஸ்ஸா பாக்க மட்டுந்தான் செய்வா. மொதல்ல எடுங்க."

எடுத்தான். ஒவ்வொரு அடிக்கும் அந்த வாய் சொன்னதையே சொன்னது. கடைசிச் சில்லு உதிர்ந்ததும் பட்டறை அடங்கியது. மாதாவே, தப்பிச்சேன் என்று உட்கார்ந்தான். அப்படி நினைத்தது அவனுக்கே கேவலமாக இருந்தது.

தங்கப்பொண்ணு டீயை நீட்டினாள். வச்சிட்டுப் போம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"சோணை குடிக்கல. சுவிட்சைப் போட்டது நான்."

கல் உரசும் அதே குரல்.

அவன் தொண்டைக்குள்ளிருந்து.

இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். விரலிடுக்கு வழியாக அது நடந்ததை முழுசாகச் சொல்லி முடித்தது.

டீ கிளாஸ் விழுந்து உடைந்தது. தங்கப்பொண்ணு தரையில் உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். வெகுநேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எம் மகன்கிட்ட போயிச் சொல்லணும். இப்பவாச்சும் உங்க வாயால சொன்னீங்களே. அந்த மட்டுக்கு நீங்க மனுசந்தேன்."

சொன்னது அவனில்லை, அந்தக் கல்வாய். அவனாகச் சாகும்வரை சொல்லியிருக்கவும் மாட்டான். அதை அவளிடம் சொல்ல ஜூடுக்கு நாக்கு எழவில்லை. வெட்கத்தில் தலை கவிழ்ந்தான். உதட்டிலிருந்து கல்தூள் சட்டையில் கொட்டியது.