சிவப்புக் கட்டம்

“பட்டன்... பட்டன்... பட்டன்...”

பேருந்து நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவனின் கைபேசி, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வகை, கிளிப்பிள்ளையாய் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. அவன் கையில் வெள்ளைக் கோல். பார்வையில்லாத அந்தக் கண்களில்தான் எத்தனை அமைதி... அவள் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்துவிட்டாள்.

“சிரிங்க, சிரிங்க. ஒரு மழைக்கோட்டு வாங்க அரை மணி நேரமா மல்லுக்கட்டறேன். எந்த பட்டன் எதுக்குன்னு சொல்லவே மாட்டேங்குது. எந்தப் புண்ணியவான் செஞ்ச வெப்சைட்டோ...”

திரையை எட்டிப் பார்த்தாள். அவள் அப்பாவின் குடைக்கடைத் தளம். செய்த புண்ணியவதி அவளேதான்.

“நான்தாங்க,” என்றாள், வேறு வழியில்லாமல்.

“நல்லதாப் போச்சு. புகார் குடுக்கப் போறேன். எல்லாரும் வாங்கற மாதிரி இருக்கணும்னு சட்டமே இருக்கு.”

“தாராளமா குடுங்க,” என்றாள் வீம்பாக.

கொடுத்தேவிட்டான். அடுத்த வாரமே அரசு அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. முப்பது நாளில் தளத்தைச் சரிசெய்து, புகார் கொடுத்தவரிடமே காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். இல்லையென்றால் மூட வேண்டும்.

“மூடித் தொலைம்மா. குடை விக்க கடை போதாதா?” என்றார் அப்பா.

மூன்று வருட உழைப்பு... மூடுவதா? ஒற்றைக் காலில் நின்றாள். வீம்பை விழுங்கிவிட்டு, நோட்டீஸில் இருந்த எண்ணில் அவனை அழைத்தாள். பள்ளியில் கணக்கு வாத்தியாராம். சனிக்கிழமைதோறும் கடைக்கு வந்து, தப்புகளை ஒவ்வொன்றாகச் சொன்னான். அவள் திரையை அணைத்துவிட்டு, காதை மட்டும் நம்பி ஒவ்வொரு பக்கத்தையும் திருத்தினாள். நடுவில் எப்போது சனிக்கிழமைக்காக ஏங்கத் தொடங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

முப்பதாம் நாள். வெளியே மழை. எல்லாம் சரியாக ஓடியது. கடைசியில் அவன் வேண்டுமென்றே தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டு, வாங்கும் பட்டனை அழுத்தினான். பக்கம் நகரவில்லை. கைபேசி வாயே திறக்கவில்லை.

“என்ன தப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“கட்டம் சிவப்பா மாறுமே...” என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “சின்ன விஷயம்தானே வாத்தியாரே. இன்னிக்குதான் கடைசி நாள். கையெழுத்துப் போட்டுடுங்க, நாளைக்கு மாத்திடறேன்.”

“மாட்டேன். பிடிச்சவங்களுக்காகப் பொய்க் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு என் பேச்சை அவங்களே நம்ப மாட்டாங்க.”

அவளுக்கு அழுகையும் கோபமும் முட்டின. ஆனால் ‘பிடிச்சவங்க’ என்ற அந்த ஒரு வார்த்தை காதிலேயே நின்றது. விசைப்பலகையை இழுத்தாள். மழை ஓய்ந்து, தெரு விளக்கு எரியும்போது நிமிர்ந்தாள்.

“இப்போ பாருங்க.”

“தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது,” என்றது கைபேசி, தெளிவாக.

அவன் முகம் மலர்ந்தது. பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

“பிடிச்சவங்கன்னு சொன்னீங்களே... யாரு?”

“இங்க உங்களை விட்டா உங்க அப்பாதான் இருக்காரு. அவர் இல்லை.”

கல்லாவில் அப்பா இருமினார்.

“எனக்கும் உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு,” என்றாள் அவள். “சரியான்னு பார்த்துச் சொல்லுங்க.”

அவன் கை நீட்டினான். முதல் தடவையாக, எதையும் சரிபார்க்காமல் ஒப்புக்கொண்டான்.