குழிமேட்டு வெளிச்சம்

வெயில் எட்டிக்கூடப் பார்க்காத வாரத்தில் பேட்டரி எப்படி நிறையும்? ரஞ்சிதம் டார்ச்சை மறுபடி அழுத்திப் பார்த்தாள். வெளிச்சம் பளீரென்று சுவரில் போய் விழுந்தது. மலையெங்கும் பனிமூட்டம், கொடியில் போட்ட துணி காயாமல் புளித்த வாடை அடிக்கிறது, கொளுந்து பறித்த விரல்கள் வீடு வந்த பிறகும் விறைத்துக் கிடக்கின்றன. குழிமேட்டுச் சோலார் தட்டில் சார்ஜ் ஏற்றி எடுத்துவந்த இந்தப் பேட்டரிகள் மட்டும் அடுப்பில் சுட்ட கிழங்குபோலக் கையில் சுட்டன.

அந்தச் சோலார் தட்டு அவள் புருஷன் வீரப்பன் கொண்டுவந்தது. காய்கறி லோரி ஓட்டுகிறவன். மலை உச்சியில் டெலிபோன் கோபுரம் கட்டியவர்கள் வேண்டாமென்று போட்டதைப் புதையல் கிடைத்தவனாகத் தூக்கிவந்துவிட்டான். ராத்திரி எஸ்டேட் கரண்ட் எஞ்சின் நின்று லயத்து வீடுகள் இருண்டதும் மகள் ஜெயா வீரிட்டு அழுவாள்; ஆறு வயதாகியும் இருட்டென்றால் அவளுக்கு உயிர் போய்விடும். டார்ச்சைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். லயமோ பள்ளத்தில். வெயில் நன்றாக விழுவது தேயிலை நடாத குழிமேட்டில்தான், எஸ்டேட்டில் செத்தவர்களைப் புதைக்கிற இடத்தில். வீரப்பன் கொஞ்சமும் யோசிக்காமல் அங்கே ஒரு கட்டையை நட்டுத் தட்டை ஆணியடித்துவிட்டான்.

பக்கத்து வீட்டு வடிவம்மாள் அன்றைக்கே சத்தம் போட்டாள். "பொணம் பொதைக்கப் போனா, கொண்டுபோன லாந்தர அங்கயே ஊதி அணைச்சிட்டுத்தான வர்றோம்? நீ அங்கேருந்து வெளிச்சத்த வூட்டுக்குக் கொண்டாறியே, வீரா!"

"அது சூரியன் வெளிச்சம்லா, அக்கா," என்று சிரித்தான் அவன்.

சூரியன் இல்லாத வாரத்தில் அது யார் வெளிச்சம்? ரஞ்சிதத்துக்கு இன்னொன்றும் நினைவு வந்தது. தட்டின் கண்ணாடியைத் துடைக்கும்போதெல்லாம் அதில் கை பதிந்த தடங்கள் இருந்தன, பெரிதும் சிறிதுமாக. பிள்ளைகள் விளையாட்டு என்று முந்தானையால் துடைத்துவிட்டு வந்திருக்கிறாள். அந்த மேட்டுக்கு எந்தப் பிள்ளையும் போகாது என்பது இப்போதுதான் உறைத்தது. இனி அங்கே காலடி வைப்பதில்லை என்று முடிவெடுத்தாள்.

டார்ச் நாளுக்கு நாள் மங்கியது. கூடவே ஜெயாவும் மங்கினாள். சோறு இறங்கவில்லை, கூப்பிட்டால் நேரம் கழித்துத்தான் முகம் திரும்பியது, கன்னம் ஈர மண்ணாகக் குளிர்ந்தது. எஸ்டேட் டிரசர் மாத்திரை கொடுத்து, மலையடியில் தாப்பா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ரிங்லெட்டுக்குக் கீழே மண் சரிந்து ரோடு அடைபட்டுக் கிடந்தது. வீரப்பனின் லோரியும் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது.

அன்று சாயங்காலம் பிள்ளை இருட்டும் முன்பே டார்ச்சை எரியவிட்டு, நெஞ்சோடு அணைத்துப் படுத்திருந்தாள். ரஞ்சிதத்துக்கு ஆத்திரம் பொங்கியது. எல்லாம் இந்தச் சனியனால்தான். பிடுங்கி, மூடியைத் திருகி, பேட்டரிகளைத் தரையில் கொட்டினாள்.

ஜெயாவின் நெஞ்சு அசையவில்லை.

"ஜெயா? அடியே, அம்மாவப் பாருடி!"

மூக்கில் விரல் வைத்தாள். காற்று இல்லை. உலுக்கினாள். தலை தொங்கியது. அலறல் கேட்டு வடிவம்மாள் ஓடிவந்தாள். வந்தவள் கண் தரையில் உருண்ட பேட்டரிகளில் போய் நின்றது.

"திரும்பப் போடுடி! போடு!"

போட்டாள். விளக்கு மஞ்சளாக எரிந்தது. பிள்ளை மூச்சை இழுத்தாள்.

வடிவம்மாள் தன் வீட்டிலிருந்து கடையில் வாங்கிய புதுப் பேட்டரிகளைக் கொண்டுவந்தாள். மாற்றினார்கள். வெளிச்சம் பளிச்சென்று வந்தது, மூச்சு நின்றது. பழையதைப் போட்டார்கள். மூச்சு வந்தது. மஞ்சள் இப்போது சிவக்கத் தொடங்கியிருந்தது.

அந்தச் சார்ஜ் ஏறுகிற இடம் ஒன்றுதான். இருவரும் குழிமேட்டுப் பக்கம் பார்த்தார்கள். "நா வரல, தாயி," என்றாள் வடிவம்மாள் அழுதுகொண்டே. "நீ போ."

ரஞ்சிதம் பிள்ளையை இடுப்பில் தூக்கி, டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள். தேயிலைச் செடிகள் முழங்காலை நனைத்தன. ஈர மண் வாடை. பனி. தன் மூச்சு. மகளின் மூச்சு. அப்புறம் வேறு மூச்சுகள். நிறைய.

தட்டைச் சுற்றி நின்றிருந்தார்கள். முகம் தெரியவில்லை. குளிர்காய்கிறவர்கள்போல் கைகளை நீட்டி, உள்ளங்கைகளைக் கண்ணாடியில் பதித்திருந்தார்கள். பெரிய கைகள். சின்னக் கைகள்.

திரும்பி ஓடினால் சார்ஜ் இல்லாமல் டார்ச் அணையும். சார்ஜ் ஏற்றவோ, பேட்டரியை வெளியே எடுக்க வேண்டும். எடுத்தால் மூச்சு நிற்கும். வெளிச்சம் நூலாக இளைத்தது.

கூட்டம் சற்று விலகியது. ஒரு பிள்ளை நிற்குமளவு இடம்.

ஜெயா இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினாள்.

"வேணாம்டி. வேணாம், கண்ணு."

பிடித்த கை நழுவியது. பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. போய் நின்றாள். கைகளைத் தூக்கினாள். கண்ணாடியில் வைத்தாள்.

ரஞ்சிதத்தின் கையில் டார்ச் பளீரென்று எரிந்தது.