மரணமில்லா வட்டம்

காலை ஆறு மணிக்கு இறந்தவர்கள் மூச்சு கேட்பார்கள்.

உயிரோடு இருப்பவர்களின் நெஞ்சில் ஒட்டிய வில்லைகள், உடம்பு புரண்டு எழுந்த பிறகுதான் கேட்கும். ஏழாகும். விடுமுறை நாள் என்றால் ஒன்பதுகூட ஆகும். இறந்தவர்களுக்கு அந்தச் சோம்பல் கிடையாது. ஆறு அடித்ததும் நூற்றுப் பதினாறு பேரும் ஒரே குரலாகக் கேட்டுவிடுவார்கள். ஒன்பதாம் வட்டத்தின் கைமாற்றியான தில்லைநாயகம், டீயை ஓரமாக வைத்துவிட்டு நூற்றுப் பதினாறு முறை கட்டைவிரலை அழுத்துவார். மூச்சு விஷயத்தை முழுக்க இயந்திரத்திடம் விடக் கூடாது, நடுவில் ஒரு மனித விரல் இருக்க வேண்டும் என்பது நிலாக் குடியிருப்பின் சட்டம்.

"செத்தவங்கன்னு தெரிஞ்சேதானே அழுத்துறீங்க? உறுத்தலையா அண்ணாச்சி?" என்று இளம்பரிதி ஒருமுறை கேட்டான். குழாய்ப் பணியாளன். இரண்டாம் வட்டத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"நான் கொண்டு போறவன் தம்பி. கேட்கிறவங்க உசுரோட இருக்காங்களான்னு பார்க்கிறது என் வேலை இல்லை."

அவர் தலைக்கு மேலே ஒரு பித்தளைக் கேடயம் பளபளத்தது. 'பதினோரு ஆண்டுகளாக மரணமில்லா வட்டம். எண்ணகத்தின் பாராட்டு.'

நிலவின் பள்ளத்துக்குள் பத்து வட்டங்கள். வட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே இரும்புக் கதவு. பொதுவெளிக் காற்று மெலிந்தது. அதை மட்டும் நம்பினால் ஒரு மணி நேரத்தில் கண் இருட்டும். ஆளுக்கொரு மூக்குறை உண்டு, அதற்குச் சுவர்க்குழாய் காற்றுத் தரும். யாருக்குத் தர வேண்டும் என்று குழாய்க்குச் சொல்வது நெஞ்சில் ஒட்டியிருக்கும் மூச்சுவில்லை. வில்லைக்கு ஓர் எண் வேண்டும். எண் இல்லாத வில்லையைக் குழாய் திரும்பியும் பார்க்காது.

குழந்தை பிறந்ததும் செவிலி வில்லையை ஒட்டுவாள். வில்லை உடனே கூவும்: 'நான் வந்திருக்கிறேன், எனக்கு எண் தருபவர் யாராவது உண்டா?' தருபவர் யார், எங்கே இருக்கிறார் என்று அதற்குத் தெரியாது. ஆகவே வட்டம் முழுக்கக் கேட்கும்படி கூவும். எண் பெறாத வில்லை, ஒட்டிய நெஞ்சு துடிக்கும்வரை கூவிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்தக் கூவல் இரும்புக் கதவைத் தாண்டாது. எண் தரும் எண்ணகமோ முதல் வட்டத்தில் இருக்கிறது. அதற்காகத்தான் கதவுக்கொரு கைமாற்றி. அவர் கூவலைப் பிடித்து, அது எந்த வட்டத்திலிருந்து வந்தது என்று முத்திரை குத்தி எண்ணகத்துக்கு அனுப்புவார். எண்ணகம் முத்திரையைப் பார்த்து, அந்த வட்டத்துக்கென ஒதுக்கிய நானூறு எண்களில் காலியாக இருப்பதை எடுத்துத் தரும். நாளுக்கொரு முறை புதுப்பித்தால் எண் நிலைக்கும். புதுப்பிக்காமல் விட்டாலோ, வேண்டாமென்று விடுவித்தாலோ, பதினாறு நாள் துக்கம் காத்தபிறகு வேறொருவருக்குப் போகும்.

ஒன்பதாம் வட்டத்தில் யாரும் விடுவதில்லை. ஆள் செத்தால் உடலை உரக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வில்லையைக் கழற்றி வைத்துக்கொள்வார்கள். அதைப் படத்துக்கு முன்னால் மாட்டினால் இறந்தவரின் பங்குக் காற்று வந்துகொண்டே இருக்கும். அந்தக் காற்றில் ஒரு விளக்கு எரியும். மெலிந்த காற்றில் தீக்குச்சிகூடப் பற்றாத ஊரில், வீட்டுக்குள் விளக்கு எரிவது எவ்வளவு பெரிய விஷயம்! படுக்கையறையில் மூக்குறையைக் கழற்றிவிட்டுத் தூங்கலாம். பூமியில் இருந்த காலத்தில் ரேஷன் கார்டிலிருந்து செத்தவர் பெயரை அடிக்காமல் வைத்திருந்தார்களே, அதே பழக்கம்தான். கப்பல் ஏறும்போது கூடவே ஏறிக்கொண்டது.

அன்று புதன்கிழமை. காலை பத்தே காலுக்குத் தில்லைநாயகத்தின் காதுக்குள் செவிலி ரெஜினாவின் குரல் கேட்டது.

"அண்ணாச்சி, உங்க மக குயிலிக்குப் பொண்ணு பிறந்திருக்கு! அப்படியே அவங்க அம்மா ஜாடை. வில்லை ஒட்டிட்டேன், கூவிட்டிருக்கு. சீக்கிரம் எண்ணை வாங்கிக் கொடுங்க, ஸ்வீட்டை அப்புறம் வாங்கலாம்."

திரையில் புதிய கூவல் ஒன்று துடித்தது. தன் பேத்தியின் முதல் குரலுக்கு அவரே முத்திரை குத்தினார்.

எண்ணகத்திலிருந்து உடனே பதில் வந்தது: 'ஒன்பதாம் வட்டத்தில் காலி எண் இல்லை.'

மறுபடி அனுப்பினார். அதே பதில். நானூறு எண்ணும் நிரம்பியிருந்தன. நூற்றுப் பதினாறு பேர் படத்துக்குள் இருந்தபடி மூச்சு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அண்ணாச்சி ஆச்சு?" ரெஜினாவின் குரல் மாறியிருந்தது. "பிரசவக் குடுவையில நாப்பது நிமிஷக் காத்துதான் இருக்கு. குயிலியோட பங்கைப் பிரிச்சா ரெண்டு பேருக்குமே பத்தாது."

தில்லைநாயகம் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தார். அடுத்த கூவலில் நாலாம் வட்டத்தின் முத்திரையைக் குத்தினார். நாலாம் வட்டத்தில் அதிகாரிகள் குடியிருப்பு, எண்கள் ஏராளம். எண்ணகம் தாராளமாக எண் ஒன்றைக் கொடுக்கவும் செய்தது. ஆனால் அது நாலாம் வட்டத்தின் கதவுக்குப் போய்ச் சேர்ந்தது. முத்திரை எங்கேயோ பதிலும் அங்கேதான் போகும். முப்பது வருடமாக அவர் பெருமையாகச் சொல்லிவந்த விதி அது.

வழி ஒன்றே ஒன்று. விடுவித்தால் பதினாறு நாள். விடுவிக்காமல், இறந்தவர் யாருடைய வில்லையையாவது அப்படியே எடுத்துக் குழந்தைக்கு ஒட்டிவிட வேண்டும்.

ஓடினார்.

முதல் கதவைத் திறந்தவர் மாசிலாமணி. நாற்பது வருடச் சிநேகம். உள்ளே அவர் அப்பா படத்துக்கு முன்னால் விளக்கு நிதானமாக எரிந்தது.

"உங்க அப்பா வில்லையைக் கொடும்வே. பேத்திக்கு ஒட்டணும். எண் இல்லை."

மாசிலாமணி கதவை அரைவாசி சாத்திக்கொண்டார். "என்னவே இப்படித் திடுதிப்புன்னு? நாளைக்கு என் மகனுக்குக் கல்யாணமாகி ஒண்ணு பிறந்தா நான் எங்க போவேன்? நூத்திச் சொச்சம் விளக்கு எரியுது. எங்க அப்பா ஒருத்தர்தான் உம்ம கண்ணுக்குப் பட்டாரா? பவளத்து வீட்ல மூணு இருக்கு. அங்க கேட்டுப் பாரும்."

பவளம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"மூணு இருந்தா என்ன? மூணும் எங்க ஆளுங்க. ஆமா, உங்க வீட்ல ரெண்டு எரியுதே அண்ணாச்சி? அதை அணைக்க மனசு வராமத்தான் என் வாசல்ல வந்து நிக்கிறீங்களோ?"

அவருக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. திரும்பி நடந்தார். காதுக்குள் ரெஜினா சொன்னாள்: "பத்து நிமிஷம்தான் இருக்கு."

எதிரே இளம்பரிதி மூச்சிரைக்க வந்தான். கையில் ஒரு குடுவை.

"ரெஜினா அக்கா சொன்னாங்க. இதைக் கொண்டு போங்க. நறுமுகைக்குக் கொடுத்திருந்த பிரசவக் குடுவை."

"உன் பொண்டாட்டிக்கு?"

"எட்டாம் மாசம்தானே. வேற குடுவை கேட்டு எழுதிக்கலாம். எங்க வீட்ல கொடுக்கிறதுக்கு விளக்கு ஒண்ணும் இல்லை அண்ணாச்சி. எங்க செத்தவங்க எல்லாம் ரெண்டாம் வட்டத்துல."

அந்தக் குடுவையில் குழந்தை இன்னொரு நாற்பது நிமிடம் பிழைத்தது. தில்லைநாயகம் வீட்டுக்குப் போனார். கூடத்தில் இரண்டு படங்கள். ஒன்பது வருடத்துக்கு முன் இறந்த அப்பா வரதராஜன், நாலு வருடத்துக்கு முன் இறந்த மனைவி சிவகாமி. அவர் கணக்குப் போட்டார். பதிவேட்டின்படி அப்பாவுக்கு எழுபத்தேழு. எண்பதானால் முதியோர் பங்கு, அதாவது பாதிக் காற்று. சிவகாமிக்கு ஐம்பத்திரண்டுதான் நடக்கிறது. முதலில் அப்பாவைக் கொடுப்போம், மூன்று வருடம் கழித்துச் சிவகாமி இருக்கிறாள். அப்பாவின் வில்லையைக் கழற்றினார். விளக்கு சுருங்கி, நீலமாகி, அணைந்தது.

குழந்தையின் நெஞ்சில் அந்த வில்லையை ஒட்டிய மறுநொடி சுவர்க்குழாய் சீறியது. பேத்தியின் முகம் சிவந்தது. வீறிட்டாள். தலைமாட்டுத் திரையில் எழுத்துகள் ஓடின: 'வரதராஜன். ஆண். வயது 77. நாடி 140. ஐயா, தயவுசெய்து பதற்றப்படாமல் ஓய்வெடுக்கவும்.'

ரெஜினா சிரித்துவிட்டாள். குயிலியும் சிரித்தாள். தில்லைநாயகம் மட்டும் சுவரோரம் உட்கார்ந்து அழுதார்.

பதினோரு நாள் ஆயிற்று.

நடுப்பகலில் கதவு படபடவென்று தட்டப்பட்டது. இளம்பரிதி. சட்டையெல்லாம் வியர்வை.

"நறுமுகைக்கு வலி எடுத்திருச்சு அண்ணாச்சி. நாள் இருக்கு, ஆனா ரெஜினா அக்கா இப்பவே பிறந்துடும்ங்கிறாங்க. குடுவை கேட்டு எழுதினது பரிசீலனையில இருக்காம். எண் ஏதாவது...?"

"காலி இல்லை தம்பி. காலையிலகூடப் பார்த்தேன்."

இளம்பரிதியின் கண் அவர் தோளைத் தாண்டிக் கூடத்துக்குள் போனது. சிவகாமியின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தில்லைநாயகம் தன்னையறியாமல் ஓரடி நகர்ந்து அதை மறைத்தார்.

"அண்ணாச்சி, அண்ணியோட வில்லை... ஒரு பதினாறு நாளைக்குக் கொடுங்க போதும். வேற யாரையாவது கெஞ்சி ஒரு எண்ணை விடுவிக்க வைக்கிறேன். அது வந்ததும் திருப்பித் தந்துடறேன்."

விடுவிப்பார்களா? இந்த வட்டத்தில் அதற்குப் பதில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? உள்ளே பேத்தி சிணுங்கினாள். மூன்று வருடம். அதற்கப்புறம் பாதிக் காற்று.

"கொடுக்கக் கூடாதுன்னு இல்லை தம்பி," என்றார். குரல் தன்னுடையதுபோலவே இல்லை. "நூத்திச் சொச்சம் விளக்கு எரியுது. இந்த ஒண்ணாலயா எல்லாம் ஆகப் போகுது? பவளத்து வீட்ல மூணு இருக்கு. அங்க கேட்டுப் பார்த்தியா?"

இளம்பரிதி அவர் முகத்தையே பார்த்தான். பிறகு ஓடினான். ஒவ்வொரு கதவாகத் தட்டும் சத்தம் தெருக்கோடிவரை கேட்டது.

தில்லைநாயகம் கைமாற்றி அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டே காலுக்குப் புதிய கூவல் வந்தது. முத்திரை குத்தி அனுப்பினார். காலி எண் இல்லை. நாலு நொடி கழித்து மறுபடி கூவியது. அனுப்பினார். பிறகு எட்டு நொடி. பிறகு பதினாறு. பதில் கிடைக்காத வில்லை, கூவலுக்கும் கூவலுக்கும் நடுவே இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும்; அதன் அமைப்பு அப்படி. முப்பத்திரண்டு நொடி. அறுபத்து நாலு. பிறகு நிமிடக் கணக்கில்: இரண்டு, நாலு, எட்டு, பதினாறு. ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் சரியான முத்திரை, சரியான அழுத்தம். அவர் கொண்டு போகிறவர்.

அடுத்த கூவலுக்காக விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். டீ ஆறி ஆடை படிந்தது. விரல் வலித்தது. கூவல் வரவில்லை.

மறுவாரம் எண்ணகத்திலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே பித்தளையில் வார்த்த 'பன்னிரண்டு' என்ற எண்ணும் இரண்டு திருகாணிகளும், ஒரு கடிதமும். 'தங்கள் வட்டத்தில் இந்த ஆண்டும் ஓர் இறப்புகூடப் பதிவாகவில்லை. மனமார்ந்த பாராட்டு.' அது பொய்யுமில்லை. எண்ணே பெறாத குழந்தை, எண்ணகத்தைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை. பிறக்காதது எப்படி இறக்கும்?

தில்லைநாயகம் நாற்காலிமேல் ஏறிப் பதினொன்றைக் கழற்றிவிட்டுப் பன்னிரண்டை மாட்டினார். கோணலாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். துணியால் ஒருமுறை துடைத்தார்.

ஆறு அடித்தது. நூற்றுப் பதினைந்து பேர் மூச்சு கேட்டார்கள். வரதராஜன் மட்டும் இப்போதெல்லாம் பால் குடிக்க விழிக்கும்போதுதான் கேட்கிறார்.

டீயை ஓரமாக வைத்துவிட்டு, அவர் அழுத்தத் தொடங்கினார்.