நடந்துபோன மிளகு

மிளகு டப்பா கைதவறிக் கீழே விழுந்தது ஒன்றும் பெரிய விஷயமில்லை. பின்வாசல் வரை உருண்டோடிய மிளகை எல்லாம் ஷாஹினா பொறுக்கித் தட்டில் போட்டுவிட்டாள். அதன் பிறகுதான் ஒரு மிளகு கால் முளைத்து நடக்க ஆரம்பித்தது.

"அம்மா, மிளகு நடக்குது!"

"வெயில்ல சுத்தாதன்னு சொன்னா கேட்டாத்தானே?" என்றபடி அம்மா மஹ்ஜபீன் திரும்பிப் பார்த்தார். அதற்குள் தட்டில் மூன்று மிளகுகள் நடந்துகொண்டிருந்தன. விரலால் தொட்டதும் மூன்றும் சுருண்டு, மறுபடி மிளகாகிவிட்டன.

"அல்லாவே! பூச்சி!"

அம்மா பேகம்பூரில் வீட்டிலேயே ஆர்டருக்குப் பிரியாணி செய்துகொடுப்பவர். அவர் பிரியாணியில் மிளகு தூக்கலாக இருக்கும். அந்த மிளகே நடந்தால் எப்படி இருக்கும்? அதுவும் ஞாயிற்றுக்கிழமை அடுத்த தெரு அமலராணி டீச்சர் வீட்டு விசேஷத்துக்கு அறுபது பேருக்குச் சமைக்க வேண்டும். டீச்சரின் மகன் பிரின்ஸுக்குச் சர்ச்சில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள்.

அந்தப் பிரின்ஸ் சரியாக அந்த நேரத்தில் வந்து நின்றான். ஷாஹினாவும் அவனும் ஒரே வகுப்பு.

"ஆன்ட்டி, பத்துப் பேரு கூட வாராங்களாம். அம்மா சொல்லச் சொன்னாங்க." தட்டைப் பார்த்தவன் கண்ணை அகல விரித்தான். "என்னோட பிரியாணியிலயா ஆன்ட்டி போடப் போறீங்க?"

அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போனது. தட்டில் இருந்த எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினார்.

"இந்தா பாரு ஷாஹி, இதெல்லாம் உன் புதினாத் தொட்டிக்கு அடியில இருந்துதான் வருது. நாளைக்குக் காலையில சமையக்கட்டுல ஒரு பூச்சியக் கண்டாலும் தொட்டி அம்புட்டும் குப்பை வண்டிக்குப் போயிரும். டீச்சர்கிட்டயும் வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிருவேன். பூச்சி ஓடுற இடத்துல அடுத்தவுங்க விசேஷத்துக்கு நான் சமைக்க மாட்டேன்."

அம்மா ஒன்று சொன்னால் சொன்னதுதான். ஷாஹினா தொட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். ஆறு பெயிண்ட் வாளிகளில் அவள் வளர்க்கும் புதினா அது. அம்மா தழையை உருவிக்கொண்டு வீசிய காம்புகளை நட்டு, ஒரு வருடமாக வளர்த்தது.

"மருந்து அடிச்சிருவோமா?" என்றான் பிரின்ஸ்.

"நீ திங்கப்போற புதினாவுலயா?"

பிரின்ஸ் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டான். ஆனால் வேறு பேச்சை எடுத்தான். "இது காதுக்குள்ள போயி மூளையத் தின்னுருமாம். எங்க சித்தப்பா சொன்னாரு."

"உனக்குத்தான் மூளையே இல்லையே, அப்புறம் என்ன கவலை?" என்று சொல்லிவிட்டு ஷாஹினா துடைப்பத்தை எடுத்தாள்.

கண்ணில் பட்ட பூச்சிகளை எல்லாம் பின்வாசலுக்கு வெளியே தள்ளினாள். நிமிர்ந்து பெருமூச்சு விடுவதற்குள் பாதி திரும்பி வந்துவிட்டன. மறுபடி தள்ளினாள். மறுபடியும் அவை அவசரமே இல்லாமல் வரிசையாக வந்தன. சொந்த வீட்டுக்கு வருவதுபோல வந்தன.

துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள் ஷாஹினா. இவற்றுக்கு இங்கே அப்படி என்னதான் வேண்டும்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கத் தொடங்கினாள்.

அடுப்புப் பக்கம், காய்ந்த தரையில் கிடந்தவை செத்துக் காய்ந்திருந்தன. உயிரோடு திரிந்தவை எல்லாம் பின்வாசலை ஒட்டிய ஈரத்தில்தான் இருந்தன. மிளகின் மேல் ஒன்றுக்கும் ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

ஒன்றை உள்ளங்கையில் எடுத்து வைத்தாள். அது சுருண்டுகொண்டது. கடிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவள் அசையாமல் இருந்ததும் அது மெல்ல விரிந்து நடந்தது.

"ஏலே பிரின்ஸ், காலை எண்ணு."

"ரெண்டு, நாலு... ஏழு சோடி. பதினாலு!"

"பூச்சிக்கு ஆறு காலுதானே? அப்ப இது பூச்சியே இல்லடா."

அம்மாவின் கைபேசியில் தேடினார்கள். அதில் போட்டிருந்ததைப் படித்துவிட்டு ஷாஹினா சிரித்தாள். "இது இறாலு, நண்டுக்கெல்லாம் சொந்தமாம். செவுள் மாதிரி ஒண்ணு வச்சு மூச்சு விடுதாம். ஈரம் இல்லைன்னா செத்துப்போயிருமாம். அழுகுன இலையத்தான் ரொம்பத் திங்குமாம்."

"இறாலுக்குச் சொந்தமா? அப்பப் பிரியாணிக்கு..."

"வாய மூடு!"

கொல்லைப்புறத்துக்குப் போய் முதல் வாளியைத் தூக்கினார்கள். பிரின்ஸ் ஒரே தாவலில் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டான். வாளியின் அடியில் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஈரச் சாக்கு, அழுகிய தழை, சேறு என்று விருந்தே நடந்துகொண்டிருந்தது. ஒரு பூச்சி மல்லாந்து கிடந்தது. அதன் வயிற்றுப் பையில் வெள்ளை வெள்ளையாகக் குட்டிகள் நெளிந்தன.

ஷாஹினா அதைப் பதமாகப் புரட்டிவிட்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெயிலில் வேர் வாடுமே என்று வாளிகளுக்கு அடியில் சாக்கை விரித்தது அவள்தான். பாசம் தாங்காமல் காலையிலும் சாயங்காலமும் தண்ணீர் ஊற்றி நனைத்ததும் அவள்தான். இவை அழையாமல் வந்தவை அல்ல.

"இதுகள விரட்ட வேண்டியதில்ல. இங்க காய வச்சிட்டு அங்க மரத்தடிய ஈரமாக்கிட்டா, தானாப் போயிரும்" என்றாள்.

"எனக்குப் பிரியாணி கிடைச்சாச் சரி" என்ற பிரின்ஸ், வேண்டா வெறுப்பாகத்தான் முதல் செங்கலைத் தூக்கினான். நாலாவது செங்கலில் விசிலடிக்க ஆரம்பித்தான்.

ஆறு வாளிகளையும் செங்கல் மேல் ஏற்றினார்கள், அடியில் காற்று போகும்படி. அழுகிய தழையையும் சாக்கையும் வாரி, கொல்லையின் கோடியில் இருந்த வேப்பமரத்தடியில் குவித்தார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் பின்வாசலில் தேங்காமல் மரத்தடிக்குப் போக, பிரின்ஸ் களைக்கொத்தால் வாய்க்கால் வெட்டினான். கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி அடைத்தார்கள். மதியம் தின்ற தர்ப்பூசணியின் தோல்களை ஷாஹினா வாளிகளுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.

"இது எதுக்கு?"

"மிச்சம் இருக்குறவங்களுக்குச் சாப்பாடு. எல்லாம் இதுக்குள்ள கூடிரும்."

அன்று சாயங்காலம் அவள் செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. கை பரபரத்தது. அடக்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை விடிந்ததும் அம்மா சமையலறைக்குள் போனார். அரிசி டின்னை நகர்த்தினார். அடுப்புக்குக் கீழே குனிந்தார். அண்டாவைப் புரட்டிப் பார்த்தார். ஷாஹினா நகத்தைக் கடித்தபடி வாசல்படியில் நின்றாள். ஓடி வந்த பிரின்ஸும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

அம்மா நேரே கொல்லைக்கு நடந்தார். கவிழ்த்து வைத்த தர்ப்பூசணித் தோல் ஒன்றைத் தூக்கினார். உள்ளே பூச்சிகள் அப்பிக் கிடந்தன.

"யாத்தே! இம்புட்டா?"

"கொட்டிராதீங்கம்மா!" ஷாஹினா தோலை இரண்டு கையாலும் வாங்கி, வேப்பமரத்தடிக் குப்பையில் கவிழ்த்தாள். "இங்கனயே இருக்கட்டும். இலையத் தின்னு உரமாக்கித் தரும். தப்பு என்னோடதுதாம்மா. சாயங்காலமும் தண்ணி ஊத்தி, சாக்கப் போட்டு, நாந்தான் கூட்டிட்டு வந்தேன். இனிமே காலையில மட்டுந்தான் ஊத்துவேன். இந்தத் தொட்டி மட்டும்..."

வாளிகளை மறைத்தபடி போய் நின்றுகொண்டாள்.

அம்மா ஒவ்வொரு வாளியாகக் குனிந்து பார்த்தார். அடியில் செங்கல் காய்ந்திருந்தது. மேலே புதினா தளதளவென்று நின்றது. ஒரு தழையைக் கிள்ளி முகர்ந்தார்.

"உள்ள ஒண்ணக்கூடக் காணோம்" என்றார். பிறகு பிரின்ஸைப் பார்த்தார். "எழுவது பேருன்னு டீச்சர்கிட்ட போயிச் சொல்லு, நாளைக்குச் சமைக்கிறேன்னு."

பிரின்ஸ் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான்.

அம்மா இன்னும் புதினாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி சுருங்கியிருந்தது.

"என்னம்மா?" என்றாள் ஷாஹினா பயந்தபடி.

"எழுவது பேருக்கு இது எந்த மூலைக்கு? இன்னும் நாலு தொட்டி வையி புள்ள."

ஷாஹினா பதில் சொல்ல நிற்கவில்லை. செங்கல் தேடப் போய்விட்டாள்.