மிமி மீன் கேட்கவில்லை

பத்தொன்பது மணி நேரமாக மிமி சாப்பிடவில்லை.

பத்தொன்பது மணி நேரத்துக்கு முன்னால்தான் பயிற்சியாளன் கிரியின் உடலைத் தடாகத்திலிருந்து தூக்கினார்கள்.

விலா எலும்பு இரண்டு உடைந்திருந்தது. டொல்பின் மிமிதான் இடித்துக் கொன்றுவிட்டது என்று முடிவாயிற்று.

2004 ஏப்ரல். இல்-பிசார் தீவில், ஆற்றோரம், கண்ணாடிக் கூரை போட்ட தனியார் தடாகம். வாசலில் மிருக வைத்தியர் மிமியைக் கொல்லும் ஊசியோடு காத்திருந்தார்.

"அவள் இடிக்கேல்லை," என்றாள் உதவியாளர் தக்ஷினி. "மூச்சு விடட்டும் எண்டு மேல தூக்கித் தூக்கிப் பாத்திருக்கிறாள். குட்டிக்கும் அப்பிடித்தான் செய்யிறவை."

"என்ன பிள்ளை?" உரிமையாளர் உருத்திரமூர்த்தி காதருகே கையைக் குவித்தார். "பலமாக் கதையும். காது மெஷின் ரிப்பேருக்குக் குடுத்திருக்கு."

அவளுக்குப் பலமாகப் பேச வராது. திரும்பச் சொன்னாள்.

"கூட வேலை செய்தவன் செத்தா கவலைதான். ரெண்டு நாள் லீவு எடும். கொலைகார மீனுக்கு வக்கீலாப் போகாதையும்."

"மீனில்லை அங்கிள்."

"இன்சூரன்ஸ்காரனுக்கு எல்லாம் மீன்தான்."

தண்ணீருக்குள் ஒரு விசில்... குறில் இரண்டு, நெடில் ஒன்று.

"அது என்ன?" பிரெஞ்சில் கேட்டாள் பொலிஸ் அதிகாரி செலீன்.

தக்ஷினியும் பிரெஞ்சில் சொன்னாள். "கிரி ஊதும் விசில் மாதிரி. அதைத்தான் அவனுக்குப் பெயராக வைத்திருக்கிறாள். நேற்றிலிருந்து கூப்பிடுகிறாள்."

செலீன் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஊசி போடுமுன் ஐந்து நிமிடம் தருகிறேன்."

தக்ஷினி உள்ளங்கையால் தண்ணீரை இரண்டு முறை தட்டினாள். கிரி பழக்கிய விளையாட்டு. தடாகத்தில் விழுந்த எதையும் மிமி அடியில் ஒளித்துவைக்கும். தட்டினால் எடுத்து வரும்; ஒரு பொருளுக்கு ஒரு மீன்!

மிமி மூழ்கியது.

முதலில் வந்தது கிரியின் இரும்பு விசில்.

தக்ஷினி மீனை நீட்டினாள். மிமி அதைத் தள்ளிவிட்டு மறுபடி மூழ்கியது.

இரண்டாவதாக வந்தது, சிறியது. தோல் நிறம். வளைந்த குழாய்.

காது மெஷின்!

மீனை மறுபடியும் தள்ளியது. கரையில் தாடையை வைத்து, தக்ஷினியின் பின்னால் இருந்த கதவையே பார்த்தது.

அவளுக்குப் புரிந்தது. மிமி தன் சொத்தை எல்லாம் கொடுத்துவிட்டது. பதிலுக்குக் கேட்பது மீனை அல்ல.

அந்த விசில்... மறுபடியும்.

"நேற்று மத்தியானம் நான்தான் தடாகத்தின் அடியைத் துடைத்தேன்," என்று செலீனிடம் சொன்னாள். "அப்போது ஒன்றும் இருக்கவில்லை."

செலீன் மெஷினைப் பார்த்தாள். பிறகு உருத்திரமூர்த்தியின் வெறும் காதை.

"நேற்று நான் டவுன்டவுனை விட்டு வெளிக்கிடேல்லை!"

"மெஷின் மட்டும் தனிய வந்ததோ?" தக்ஷினி மெஷினைக் காட்டினாள். "மிமியைச் சாகடிச்சு இன்சூரன்ஸ் எடுக்க விடமாட்டன் எண்டு கிரி மறிச்சவன். அதுக்கோ?"

"என்ன பிள்ளை? கேக்கேல்லை..."

அவள் எழுந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாகக் கண்ணாடிக் கூரை அதிரப் பேசினாள்.

"கிரி கூட வேலை செய்தவன் இல்லை அங்கிள். போன வெள்ளிக்கிழமை கலியாண எழுத்து முடிஞ்ச என்ர மனுசன். கேட்டுதோ... இல்லாட்டி மெஷினை நானே மாட்டிவிடவோ?"