கணினி எழுதாமல் போன வரி

"வேலையை விட்டு அனுப்பினாக்கூடப் பரவாயில்லீங்க. பாலைக் கெடுத்தவன்னு எழுதி அனுப்பக் கூடாது."

கடைக்குள் நுழைந்த பெண், உட்காரச் சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டார். அது கணினி பழுது பார்க்கும் கடை. அதன் உரிமையாளரை அந்தத் தெருவில் எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு திருகைக் கழற்றும் முன் தேநீரை ஆறவிட்டு, குடித்து, டம்ளரையும் கழுவி வைக்கிற மனிதர். அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"உட்காருங்க. யாரோட பால், யாரு கெடுத்தாங்க, முதல்ல இருந்து சொல்லுங்க."

அதற்குள் பக்கத்துத் தையல்கடையிலிருந்து அவருடைய மனைவியின் தங்கை கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றாள். பேச்சு கூர்மையாக இருப்பதால் அவளுக்கு ஊசி என்று பெயர். அத்தானின் கடையில் யாராவது குரல் தழுதழுத்தால் அவளுடைய தையல் இயந்திரம் தானாக நின்றுவிடும்.

வந்தவர் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கியின் காப்பாளர். தங்களிடம் மிஞ்சிய பாலைத் தாய்மார்கள் அங்கே கொடுப்பார்கள். மாதம் நிறையாமல் பிறந்து, அம்மாவுக்குப் பால் சுரக்காத குழந்தைகளுக்கு அது போகும். மூன்று காப்பாளர்கள், ஆளுக்கு ஒரு நாள் என்று முறை. ஃப்ரீசரின் குளிர் எவ்வளவு என்பதை ஒரு கணினி நிமிடத்துக்கு நிமிடம் பதிவு செய்யும். அந்தப் பதிவு அரை மணி நேரம் அறுந்துபோனால், உள்ளே இருக்கும் பாலைக் கொட்டிவிட வேண்டும் என்பது விதி.

"இந்த மாசத்துல நாலு தடவை பதிவு நின்னுருக்கு. நூத்திப் பன்னெண்டு புட்டி கொட்டிட்டோம். நாலு தடவையும் என் முறை. நான் கதவைத் திறந்து போட்டுட்டு, சூடு ஏறினதை மறைக்கப் பதிவை அழிக்கிறேன்னு எங்க மூணு பேர்ல மூத்தவர் வங்கி டாக்டரம்மாகிட்ட சொல்லியிருக்கார். சனிக்கிழமை முடிவு பண்றாங்க. அதுவரைக்கும் யாரை வேணும்னாலும் கூட்டிட்டு வந்து பாருன்னு சொன்னாங்க."

"நின்னப்ப திரை எப்படி இருந்துச்சு? இருட்டாவா?"

"இல்லீங்க. கடைசி எண் அப்படியே நின்னுச்சு. நல்லா ஓடுதுன்னுதான் நினைச்சேன். மதியம் டாக்டரம்மா வந்து பாக்கும்போதுதான், பதினொரு மணிவாக்குல இருந்தே நகரலைன்னு தெரிஞ்சுது."

"பதினொரு மணிக்கு என்ன செய்வீங்க?"

"தூசி துடைப்போம். கம்ப்யூட்டருக்குப் பின்னாடி காத்து போக ஒரு வலை இருக்கு. தினமும் துடைச்சு, நோட்டுல நேரம் எழுதணும். மூணு பேருக்கும் அதே வேலைதான். முன்னெல்லாம் ஒரு தொல்லையும் இல்ல. போன மாசக் கடைசியில பதிவு நிறைஞ்சுபோச்சுன்னு பெரிய டிஸ்க் மாத்தினாங்க, அப்பவும் நல்லாத்தான் ஓடுச்சு."

ஊசி நாடாவைச் சுருட்டினாள். "கோவிச்சுக்காதீங்க. மூணு பேரும் ஒரே வேலை செஞ்சு உங்க நாள்ல மட்டும் நின்னா, யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்?"

"எனக்கே வருதுங்க," என்றார் அந்தப் பெண். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார்: "என் பொண்ணு ஏழு மாசத்துல பிறந்தா. நாப்பது நாள் இந்த வங்கிப் பால்லதான் கிடந்தா. யாரு குடுத்ததுன்னு சொல்ல மாட்டாங்க, அது விதி. தெரியாத ஒருத்தருக்கு எப்படிங்க நன்றி சொல்றது? அதான் அங்கயே வேலைக்குச் சேர்ந்தேன்."

நிதானம் எழுந்து டம்ளரைக் கழுவி வைத்தார். போகத் தயார் என்று அதற்கு அர்த்தம்.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அவரும் ஊசியும் வங்கியில் இருந்தார்கள். அன்று அந்தப் பெண்ணின் முறை. டாக்டரம்மா தூக்கம் குறைந்த, நேர்மையான முகம் கொண்டவர். "எனக்கு யார் மேலயும் வன்மம் இல்ல. ஆனா ஒரு அம்மா உட்கார்ந்து பிழிஞ்சு குடுத்ததை நான் தொட்டியில ஊத்தறேன். காரணம் தெரியணும்," என்றார். நிதானம் கேட்டுக்கொண்டபடி, தடுப்பூசி அறையிலிருந்து தானே பதிவு செய்யும் வெப்பமானி ஒன்றை ஒரு வாரத்துக்கு வாங்கி ஃப்ரீசருக்குள் வைத்திருந்தார். இந்த வாரம் கணினி நின்றாலும் பால் தப்பிக்கும்.

கணினி ஒரு குறுகிய இரும்பு அலமாரியில் இருந்தது. அதன் பக்கச் சுவரில் வெள்ளை வெளேரென்று ஒரு சிறிய பெட்டி திருகப்பட்டிருந்தது. புதிய டிஸ்க் அதற்குள். பெட்டிக்கும் கணினிக்கும் நடுவே ஒரு சாம்பல் கம்பி, துணி உலர்த்தும் கொடிபோல நேராக ஓடியது. அலமாரிக் கதவில் மூன்று ஆணிகள். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய ஒரு துடைக்கும் துணி.

"இதைப் பாருங்க அத்தான்," என்று ஊசி கிசுகிசுத்தாள். "மத்த ரெண்டு பேருக்கும் புதுத் துணி. கடை மடிப்புக்கூடக் கலையல. இந்தம்மாவுக்கு மட்டும் நூல் பிரிஞ்ச பழசு. இங்கயும் ஓரவஞ்சனை."

நிதானம் பொருள் வழங்கிய குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். மூன்று துணிகளும் ஒரே நாளில் கொடுக்கப்பட்டவை என்று அதில் இருந்தது. தூசி நோட்டை எடுத்தார். மற்ற இரண்டு பேரின் நாட்களில் எப்போதும் 11.00. அந்தப் பெண்ணின் நாட்களில் 10.47, 11.12, 10.55.

பிறகு கணினியின் பழைய குறிப்புகளைத் திறந்தார். நான்கு நாட்களிலும் ஒரே கதை. காலை வரை சாதாரணச் செய்திகள், அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் மதியம் கணினி மறுபடி எழுந்த செய்தி.

"அழிச்சிருக்காங்க," என்றாள் ஊசி.

"இருக்கலாம். எழுத முடியாமலும் போயிருக்கலாம்." நிதானம் டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "கம்ப்யூட்டரோட அடி ஆழத்துல கெர்னல்னு ஒன்னு இருக்குங்க. டிஸ்க், கம்பி எல்லாத்தையும் மேய்க்கிறது அதுதான். எது நடந்தாலும் அது ஒரு வரி சொல்லும். அந்த வரி முதல்ல நினைவுலதான் இருக்கும். அப்புறம்தான் இன்னொரு நிரல் அதை எடுத்து டிஸ்க்ல எழுதி வைக்கும். இப்ப டிஸ்க்கே காணாமப் போயிடுச்சுன்னு வைங்க. 'டிஸ்க்கைக் காணோம்'ங்கிற வரியை எங்க எழுதும்?"

"சாவியைத் தொலைச்ச சேதியைப் பூட்டின வீட்டுக்குள்ள போய் எழுதி வைக்கிற மாதிரி," என்றாள் ஊசி.

"அதேதான். மதியம் நிறுத்தி மறுபடி போட்டதும் நினைவுல இருந்ததும் போயிடும். அதனால இனிமே அது சொல்றதை இங்க எழுத வேண்டாம். சொல்லச் சொல்ல வெளிய அனுப்பட்டும்."

கொண்டுவந்த பழைய மடிக்கணினியை அடுத்த அறையில் வைத்து, நடுவே ஒரு நெட்வொர்க் கம்பியை இழுத்தார். டிஸ்க்கின் பக்கமே போகாமல், கெர்னல் தன் ஒவ்வொரு வரியையும் பிறந்த கணமே கம்பி வழியாக அனுப்பிவிடும்படி அமைத்தார். சரியாக ஒன்பது மணிக்குக் கணினியை மறுபடி எழுப்பினார். அந்த அறையைப் பூட்டிச் சாவியை டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

மதியம் அழைப்பு வந்தது. கணினி நின்றிருந்தது. அவர்கள் அறையைத் திறந்தபோது மடிக்கணினியின் திரையில் மூன்று வரிகள் காத்திருந்தன. நிதானம் படித்துச் சொன்னார்: டிஸ்க் இணைப்பு விட்டது. மறுபடி முயல்கிறேன். டிஸ்க் இல்லை. ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் 6720-ஐ ஒட்டி ஓர் எண்.

"மணியே இல்லையே, அத்தான்."

"அதுக்கு நம்ம கடிகாரம் வேண்டாம். முழிச்சதுல இருந்து வினாடியை எண்ணும். ஆறாயிரத்து எழுநூத்து இருபது வினாடின்னா நூத்திப் பன்னெண்டு நிமிஷம். ஒன்பதுல இருந்து கூட்டு."

ஊசி விரல் விட்டு எண்ணினாள். "பத்து அம்பத்திரண்டு." தூசி நோட்டைப் புரட்டியவள் முகம் வாடியது. அந்தப் பெண் அன்று எழுதியிருந்த நேரம் 10.52. "அப்ப இவங்க கைபட்டுத்தான் நிக்குது."

"ஆமா. ஆனா மத்த ரெண்டு பேர் கையும் தினமும் படுதுன்னு நோட்டு சொல்லுதே. அவங்க நாளையும் பாக்கலாம்."

வாரம் முழுவதும் ஊசி தினம் ஐந்து முறை "பாத்தீங்களா?" என்றாள். அவர் தினம் ஐந்து முறை தேநீரை ஆறவிட்டார்.

சனிக்கிழமை, வங்கியின் சிறிய அறையில் எல்லோரும் நின்றார்கள்: டாக்டரம்மா, அந்தப் பெண், பதினெட்டு வருடமாக வேலை செய்யும் மூத்தவர், கண்ணாடி போட்ட மூன்றாவது காப்பாளர். அன்று மூத்தவரின் முறை. மடிக்கணினி மேசையில் திறந்திருந்தது.

"மூணு பேர் தினமும் துடைக்கிறதா நோட்டு சொல்லுது," என்றார் நிதானம். "ஐயா, நீங்கதான் அனுபவசாலி. எப்படித் துடைக்கணும்னு ஒரு தடவை காட்டுறீங்களா?"

மூத்தவர் துணியை எடுத்தார். கடை மடிப்பு அப்போதுதான் கலைந்தது. அலமாரியைத் திறந்தார். வலை கணினிக்குப் பின்னால் இருந்தது; கை போகவில்லை. கணினியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், அது அசையவில்லை. இடப்பக்கம் தடவினார், வலப்பக்கம் தடவினார். கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க காட்டுங்க."

அந்தப் பெண் வந்து, பார்க்காமலே, கணினி உட்கார்ந்திருந்த தட்டின் அடியில் விரலை வைத்து ஒரு கொக்கியை அழுத்தினார். கணினியோடு சேர்ந்து தட்டு முழுவதும் முன்னால் வழுக்கி வந்தது. சாம்பல் கம்பி விறைத்தது. மேசை மீதிருந்த மடிக்கணினியில் ஒரு வரி தோன்றியது. டாக்டரம்மா குனிந்து அதை வாய்விட்டுப் படித்தார்: "டிஸ்க் இணைப்பு விட்டது."

"கம்பி குட்டை," என்றார் நிதானம். "புது டிஸ்க்கைச் சுவர்ல திருகினவர், இந்தத் தட்டு வெளிய வரும்னு நினைக்கல. தட்டை இழுத்தா கம்பி சுண்டும், டிஸ்க் கழண்டுக்கும், பதிவு நின்னுடும். ஒரோர் தடவை தானா ஒட்டிக்கும். தட்டை உள்ள தள்ளிட்டா வெளிய ஒரு தடயமும் இருக்காது. மெதுவா இழுத்தாக்கூட கெர்னல் ஒரு வரியாவது முனகியிருக்கும். இந்த வாரம் திங்களும் வியாழனும் முனகுச்சு. மத்த நாள்ல பதினொரு மணிக்கு ஒரு வார்த்தை இல்ல. தட்டு நகரவே இல்ல."

ஊசிக்கு அடக்க முடியவில்லை. "துணியைப் பாத்தே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஓரவஞ்சனைன்னு நினைச்சேனே, நானும் ஒரு தையல்காரி."

"அப்ப எல்லாரும் சொன்னது ஒரு விதத்துல சரி," என்றார் டாக்டரம்மா மெல்ல. "இவ கையாலதான் நின்னுச்சு."

"ஆமாங்க. சொன்ன வேலையைச் செஞ்சது இவங்க ஒருத்தர்தான். அதனால தப்பும் இவங்க நாள்ல மட்டும்தான் வெளிய வந்துச்சு."

மூத்தவர் துணியை மடித்துக்கொண்டே இருந்தார். மடிப்பு சரியாக வரவில்லை. "இடுப்புப் பிடிச்ச வருஷம் விட்டது," என்றார். "அப்புறம் கை தானா பதினொன்னுன்னு எழுதிடும். உன்னை மாட்டிவிடணும்னு சொல்லலம்மா. தூசி துடைக்கிறது காரணமா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. நான் துடைக்கல, அதனால யாருமே துடைக்கலன்னு நினைச்சுட்டேன். மீதி இருந்தது கதவு ஒன்னுதான்."

அந்தப் பெண் தட்டை உள்ளே தள்ளினார். "நான் வந்த முதல் வாரம், பாலை எப்படி உருக வைக்கிறதுன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க. இந்தக் கொக்கியை நான் சொல்லித் தரேன். குனிய வேண்டாம், விரலை இப்படி விட்டா போதும்."

மூத்தவர் விரலை விட்டார். கொக்கி சொடுக்கென்றது. அவர் கண்களைத் துடைத்துக்கொள்ள, அந்தத் துணி அன்று முதன்முறையாகப் பயன்பட்டது.

டாக்டரம்மா தன் கோப்பிலிருந்து புகார்த் தாளை எடுத்துக் கிழித்தார். இன்னொரு தாளில், காரணம் குட்டைக் கம்பி என்றும், அதைக் கண்டுபிடிக்க முடிந்தது இந்தக் காப்பாளர் ஒரு நாளும் வேலையைத் தவறவிடாததால் என்றும் எழுதி, எல்லோர் முன்னிலையிலும் கையெழுத்துப் போட்டார். "இத்தனை நாள் உன்னைச் சந்தேகப்பட்டதுக்கு இது ஈடாகாது," என்றார்.

"என் பேச்சைக் கேக்க ஒரு வாரம் குடுத்தீங்களே. அதுக்கு நான்தான் நன்றி சொல்லணும்."

நிதானம் பையிலிருந்து ஒரு நீளக் கம்பியை எடுத்து மாட்டினார். தட்டை உள்ளே தள்ளி, வெளியே இழுத்து, மறுபடி தள்ளினார். ஐந்து பேரும் மடிக்கணினியையே பார்த்தார்கள். ஒரு வரியும் வரவில்லை. கணினியில் குளிரின் எண் மட்டும் நிமிடத்துக்கு நிமிடம் பதிவாகிக்கொண்டிருந்தது.

கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். தோளில் குழந்தையோடு ஓர் இளம் தாய், கையில் ஒரு சிறிய புட்டி. அறையில் இத்தனை பேரைப் பார்த்துத் தயங்கினாள்.

"இன்னைக்குக் கொஞ்சம்தாங்க வந்துச்சு. குடுக்கவே கூச்சமா இருந்துச்சு. வாங்கிப்பீங்களா?"

அன்று அந்தக் காப்பாளர் பெண்ணின் முறை இல்லை. ஆனால் மூத்தவர் ஓர் அடி பின்வாங்கி வழிவிட்டார். அந்தப் பெண் கையுறையை மாட்டிக்கொண்டு போய், புட்டியை இரண்டு கையாலும் வாங்கினார்.

"இவ்வளவு இருந்தா ஒரு குறைமாசக் குழந்தைக்கு ரெண்டு நாள் வரும்மா," என்றார். "உட்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க."